ரீங்காரச்சிட்டு என்னும் அன்றாடங்காய்ச்சி

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு படம் வந்துவிடும். கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ யாரோ ஒருவர் வீட்டுச் செம்பருத்தியில் வளைந்த மூக்கோடு ஒரு குட்டிப் பறவை உட்கார்ந்திருக்கும், கீழே "ஹம்மிங்பேர்ட் எங்க வீட்டுக்கு வந்திருக்கு!" என்று எழுதியிருக்கும். சித்தப்பா ஆசையாகப் போட்ட படத்துக்கு மறுப்புச் சொல்ல மனசு வராது. ஆனாலும் அது ஹம்மிங்பேர்ட் இல்லை, தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் இன்றைக்கு இந்தியாவில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே கிடையாது. அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் கடைக்கோடி வரை அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு, அங்கே 360க்கும் மேற்பட்ட வகைகள். (இன்றைக்கு என்று சொன்னதற்குக் காரணம், ஜெர்மனியில் 3 கோடி ஆண்டு பழைய புதைபடிவம் ஒன்று இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது, அப்புறம் அங்கே இல்லாமல் போய்விட்டது.) இரண்டும் பூவில் தேன் குடித்துப் பிழைப்பதால் பார்க்க ஒன்றுபோல ஆகிவிட்டன, அவ்வளவுதான். தேன்சிட்டு குருவி, காக்கை வகையறா. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய சொந்தம், நாள் முழுக்க வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் உழவாரன் குருவி.

தமிழில் ஹம்மிங்பேர்டுக்கு ஓசனிச்சிட்டு என்று ஒரு பெயர் இருக்கிறது, ரீங்காரச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது பெயர் காதில் விழுகிற சத்தத்தையே சொல்கிறது என்பதால் நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே பக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை, ஒரு ஓக் மரம், டெக்கில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு சிவப்பு ஃபீடர். ஃபீடர் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைக்கிற டப்பா, மூடியில் நாலைந்து ஓட்டை. எந்தக் கடையிலும் கிடைக்கும், பிரித்துக் கழுவ வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். புதிதாக மாட்டிவிட்டு "வருது, ரெண்டு நொடி குடிக்குது, போயிடுது, இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் புரிந்தால்தான் மற்றதெல்லாம் கண்ணில் படும்.

அந்த விஷயம் இதுதான்: இந்தப் பறவை ஒரு அன்றாடங்காய்ச்சி. அன்றாடம் என்பதுகூட அதிகம், மணிக்கு மணி சம்பாதித்து மணிக்கு மணி செலவழிக்கிற ஜீவன். அது செய்கிற ஒவ்வொன்றும், குடிப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது, சண்டை போடுவது, ராத்திரி தூங்குவது எல்லாமே இந்த வரவு செலவுக் கணக்குதான்.

செலவு ஏன் இவ்வளவு? அந்தரத்தில் நிற்பதால்தான். நம் ஊர்த் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும், ரீங்காரச்சிட்டு பூவுக்கு முன்னால் காற்றிலேயே நிற்கும், பின்பக்கமாகவும் பறக்கும். மற்றப் பறவைகள் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் முக்கியமாகத் தூக்குவிசை கிடைக்கும். இது சிறகைப் படுக்கையாக எட்டு போட்டதுபோல முன்னும் பின்னும் சுழற்றுகிறது, அதனால் திரும்பி வருகிற வீச்சிலும் பலன் உண்டு. கீழ்வீச்சில் 75 சதவீதம், மேல்வீச்சில் 25 சதவீதம் என்று 2005இல் அளந்து சொன்னார்கள், பூச்சிகளுக்கு இரண்டிலும் ஏறக்குறைய சரிபாதி, ஆக இது பறவைக்கும் பூச்சிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது முதல் தடவை பார்த்துவிட்டு "இது வண்டா, குருவியாடா?" என்று கேட்டது ஒன்றும் தப்பான கேள்வி இல்லை.

எங்கள் பக்கம் வருகிற வகைக்கு நொடிக்குச் சுமார் 50 தடவை சிறகு அடிக்கிறது. சுறுசுறுப்பாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 1,200 வரை துடிக்கும். மொத்த எடையோ 3 கிராம் சொச்சம். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பெரிய எஞ்சின் ஓடினால் எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும்? ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதியளவு சர்க்கரை. அறுபது கிலோ ஆள் ஒரு நாளில் முப்பது கிலோ சர்க்கரை தின்பதற்குச் சமம். அதிலும் சர்க்கரை பூவில் கட்டியாக இருப்பதில்லை, தண்ணீரில் கரைந்துதான் இருக்கிறது. ஒன்றரை கிராம் சர்க்கரை வேண்டுமென்றால் எட்டு மில்லி அளவுக்குத் தேன்நீர் குடிக்க வேண்டும், அது அதன் உடம்பைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? ஃபீடரை விட்டுக் கிளம்புகிற நொடியில் வெயிலுக்கு எதிராகப் பாருங்கள், பின்னால் ஒரு சொட்டு பீய்ச்சிக்கொண்டு போகும். பாரத்தை இறக்கிவிட்டுப் பறக்கிறது.

சரி, தண்ணீர் கலப்பது எப்படி. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரை, நாலு கப் தண்ணீர். அவ்வளவுதான் முழுச் சமையல் குறிப்பும். இந்தப் பறவைகள் தேடிப் போகிற பூக்களின் தேனும் கிட்டத்தட்ட இந்த இனிப்பில்தான் இருக்கும். பாகு காய்ச்ச வேண்டாம், கம்பிப்பதம் பார்க்க வேண்டாம், சர்க்கரை கரைகிற அளவுக்கு வெந்நீர் போதும், நன்றாக ஆறியபின் ஊற்றுங்கள். மீதியை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு சிக்கல் வரும். "பாவம் வாயில்லா ஜீவன், அதுக்குப் போய் வெள்ளைச் சர்க்கரையா? நாட்டுச்சர்க்கரை போடு, உடம்புக்கு நல்லது" என்றார் அம்மா. போடக்கூடாது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் இரும்புச்சத்து இருக்கிறது. நமக்கு நல்லது என்று நாம் சொல்கிற அதே காரணம்தான் இதற்கு ஆபத்து, அந்த உடம்பால் அவ்வளவு இரும்பை வெளியேற்ற முடியாது. தேன் இன்னும் மோசம், தண்ணீரில் கலந்த தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். சிவப்பு கண்ணில் பட்டால் தேடி வரும் என்பது உண்மைதான், அதற்கு ஃபீடரின் மூடி சிவப்பாக இருந்தால் போதும்.

சர்க்கரை நோய்க்காரர்கள் போட்டுக்கொள்கிற செயற்கை இனிப்பைப் போட்டால்? கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிற மாதிரிதான், அதில் சக்தி கிடையாது. நல்ல வேளையாக, பறவையை அதில் அவ்வளவு எளிதில் ஏமாற்றவும் முடியாது. பறவைகளுக்கு நம்மைப்போல இனிப்பை உணரும் ஏற்பி இல்லை, அதற்கான மரபணு எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் ரீங்காரச்சிட்டுகளுக்கு, இறைச்சி, காளான் மாதிரியான ருசியை உணர்கிற ஏற்பி காலப்போக்கில் மாறி, சர்க்கரையைக் கண்டுபிடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டது. மாட் பால்ட்வின் என்ற ஆய்வாளரின் குழு 2014இல் இதைக் காட்டியது. அவர்கள் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைக் கலந்து வைத்தபோது பறவைகள் அதைச் சட்டை செய்யவில்லை.

அடுத்தது சுத்தம். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, குளிர்ந்த மாதங்களில் வாரம் ஒரு தடவை, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு வெந்நீரும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவ வேண்டும். நான் முதல் வருடம் நாலு கப் பிடிக்கிற பெரிய ஃபீடர் வாங்கி, முழுக்க நிரப்பி, பத்து நாள் திரும்பியே பார்க்கவில்லை. உள்ளே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது, சிட்டுகள் வருவதை நிறுத்தியிருந்தன, நானோ பறவைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பறவைக்கு நாளுக்கு எட்டு மில்லிதான் என்ற கணக்கை அப்போதே போட்டிருந்தால் அரை கப் ஊற்றினாலே பத்துப் பறவைக்கும் மேல் போதும் என்று தெரிந்திருக்கும். பாதிக்கும் கீழே ஊற்றுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

எறும்பு வரும். அதற்குக் கடையில் ஒரு சின்னக் கிண்ணம் விற்கிறார்கள், கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் எறும்பு தாண்டாது. பாட்டி வீட்டில் பலகார அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருப்பார்களே, அதேதான், தலைகீழாகத் தொங்குகிறது. எண்ணெயோ கிரீஸோ தடவுகிற யோசனை மட்டும் வேண்டாம், சிறகில் ஒட்டினால் பறவை தொலைந்தது. குளவிக்கு, மேலே ஓட்டையும் கீழே தண்ணீருமாக இருக்கிற தட்டு மாதிரியான ஃபீடர் நல்லது, குளவியின் குட்டை வாய்க்குத் தண்ணீர் எட்டாது. கும்பிடுபூச்சி ஒன்று ஃபீடரில் உட்கார்ந்திருந்தால் எடுத்துத் தூரத்தில் விடுங்கள், அது கும்பிடவில்லை, காத்திருக்கிறது. பெரிய கும்பிடுபூச்சிகள் ஃபீடரில் வைத்து ரீங்காரச்சிட்டையே பிடித்துத் தின்பது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஜன்னலில் மோதாமலிருக்க, ஃபீடரைக் கண்ணாடிக்கு மூன்றடிக்குள் மாட்டுங்கள், அந்தத் தூரத்தில் வேகம் எடுக்க இடமிருக்காது. இல்லையென்றால் நன்றாகத் தள்ளி மாட்டுங்கள்.

இனி நாற்காலியைப் போட்டு உட்காரலாம். அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டுகிற ரீங்காரச்சிட்டு ஒரே ஒரு வகைதான், ரூபி த்ரோட்டட் என்பது அதன் பெயர், ஆகவே தொடக்கக்காரர்களுக்கு அடையாளக் குழப்பம் குறைவு. (கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் இருக்கும், ஃபீடரை இறக்கவே வேண்டாம், அரிசோனாக்காரர்களுக்கு இன்னும் யோகம்.) ஆணுக்குக் கழுத்தில் மாணிக்கச் சிவப்பு, பெண்ணுக்குக் கழுத்து வெளுப்பு, வாலின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. "என் வீட்டுக்கு வர்றது கறுத்த கழுத்தா இருக்கே" என்று யாராவது சொன்னால் அதுவும் அதே ஆண்தான். அந்தச் சிவப்பு சாயம் இல்லை. இறகுக்குள் இருக்கிற நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற கோணத்தில்தான் நிறம், பட்டுப்புடவையைத் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுகிறதே அதைவிடக் கடுமையாக. தலையைக் கொஞ்சம் திருப்பினால் கரி, உங்கள் பக்கம் திருப்பினால் தணல். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள்.

குடிப்பதைப் பாருங்கள். மூக்கை ஸ்ட்ராபோல வைத்து உறிஞ்சுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் நாக்கை நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவைக்கு மேல் நீட்டி இழுக்கிறது. நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்தது. நுண்குழாயில் நீர் தானாக ஏறுவதுபோல அதில் தேன் ஏறுகிறது என்று நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ரிக்கோ கெவாரா, ரூபேகா என்ற இருவர் ஒளி ஊடுருவும் ஃபீடரும் அதிவேகக் கேமராவும் வைத்து 2011இல் பார்த்தபோது, நாக்கு நுனி தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது மூடிக்கொண்டு தேனைப் பொறிபோலப் பிடித்து வருவது தெரிந்தது. கொல்லைப்புறத்துக் காட்சிதான், ஆனாலும் 2011 வரை தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

குடித்துவிட்டுப் பறந்துபோய் ஒரு குச்சியில் உட்காரும், உட்கார்ந்தே இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓயாமல் பறக்கிற பறவை என்ற பெயர் இருந்தாலும், நாளின் பெரும்பகுதி இது உட்கார்ந்துதான் இருக்கிறது. பறந்தால் செலவு, வயிற்றில் தேன் நிறைந்திருந்தால் பாரம் கூடி இன்னும் செலவு. கொஞ்சம் செரித்து இடம் வந்ததும் மறுபடி ஒரு சுற்று. ஓக் மரத்தின் காய்ந்த நுனிக்குச்சி ஒன்றை எங்கள் ஆண் சிட்டு தனக்கென்று வைத்திருக்கிறது, ஃபீடரைப் பார்ப்பதைவிட அந்தக் குச்சியைப் பார்த்தால் நாள் முழுக்கத் தரிசனம் கிடைக்கும்.

அந்தக் குச்சி ஓய்வெடுக்க மட்டுமில்லை, காவலுக்கும். இன்னொரு சிட்டு ஃபீடர் பக்கம் வந்தால் போதும், அம்பு மாதிரி பாய்ந்து துரத்தும், கீச்சுக் கீச்சென்று ஒரே கூச்சல், குழாயடிச் சண்டை தோற்றது போங்கள். நாலு ஓட்டை இருக்கிறது, தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது, பகிர்ந்து குடித்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். காட்டில் அதன் கணக்கு வேறு. ஒரு பூவில் ஊறுவது ஒரு துளி, குடித்துவிட்டால் மறுபடி ஊறச் சில மணி நேரம் ஆகும். ஒரு பூப்புதரை இன்னொருவன் காலி செய்துவிட்டுப் போனால் இவனுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் துரத்துவதில் செலவாகிற சக்தியைவிடக் காப்பாற்றுகிற தேன் அதிகம் என்றால் துரத்துவது லாபம். வற்றாத பூ என்று ஒன்று இருக்கும் என்பது அதன் வம்சத்துக்கே தெரியாது, நாம்தான் பிளாஸ்டிக்கில் செய்து தொங்கவிட்டிருக்கிறோம். சண்டையைக் குறைக்க வேண்டுமென்றால் இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கத்தில், முதல் ஃபீடர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டுங்கள். ஒரே ஆளால் இரண்டு மூலையிலும் காவல் நிற்க முடியாது.

சில சமயம் பூவும் இல்லாமல் ஃபீடரும் இல்லாமல் வெறும் காற்றில் அங்குமிங்கும் கொத்துவதுபோலத் தெரியும். கொசு, சின்ன ஈ எல்லாம் பிடிக்கிறது. சர்க்கரை கூலி மட்டும்தான், உடம்பு வளரப் புரதம் வேண்டுமே. குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிதான் ஊட்டுகிறது, அதனால் ஃபீடர் மாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதில் அர்த்தமில்லை. குஞ்சு வளர்ப்பு முழுக்கப் பெண் தலையில். வால்நட் ஓட்டில் பாதி அளவுக்கு ஒரு கூடு, சிலந்தி நூலை வைத்துக் கட்டியது, குஞ்சுகள் வளர வளர கூடும் நெகிழ்ந்து கொடுக்கும். நான் ஐந்து வருடமாகத் தேடுகிறேன், ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை.

ராத்திரி என்ன ஆகும்? மணிக்கு மணி சம்பாதிக்கிறவனுக்குப் பத்து மணி நேரம் வேலை இல்லை. இந்த இடத்தில்தான் இந்தப் பறவை எனக்குப் பெரிய ஆச்சரியம். கையிருப்பு குறைவாக இருக்கிற இரவில் அது கடையை அடைத்து மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறது. பகலில் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிற உடம்புச் சூடு கிட்டத்தட்ட வெளிக்காற்றின் குளிர்ச்சி வரைக்கும் இறங்கும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஐம்பது வரை குறையும். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஒரு வகை 3.3 டிகிரி வரை இறங்கியதை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். தொட்டால் செத்த பறவை மாதிரிதான் இருக்கும். விடியும்போது உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றி, நேராக முதல் தேனுக்குப் போகும். குளிரான ஒரு காலையில் ஃபீடரில் ஒரு சிட்டு தலைகீழாகத் தொங்கினால் பதறாதீர்கள், பறித்து எடுக்காதீர்கள், சூடேறியதும் தானே பறந்துவிடும். விடிந்ததும், பொழுது சாய்கிற நேரமும்தான் ஃபீடரில் கூட்டம் அதிகம், காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கம் மார்ச் கடைசியில் ஃபீடரை மாட்டிவிடுவேன். முதலில் ஆண்கள் வரும், பின்னால் பெண்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் அந்த வருடத்துக் குஞ்சுகளும் சேர்ந்துகொண்டு திருவிழாக் கூட்டம். ஆகஸ்ட்டிலேயே பெரிய ஆண்கள் கிளம்ப ஆரம்பித்துவிடும், செப்டம்பரில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களும் குஞ்சுகளும்தான்.

அந்தச் செப்டம்பரில் உற்றுப் பார்த்தால் வயிறு தொந்தியாகத் தெரியும். அன்றாடங்காய்ச்சி சீட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டது. சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்க்கிறது, ஒரு கிராம் கொழுப்பில் ஒரு கிராம் சர்க்கரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, தூக்கிக்கொண்டு பறக்க அதுதான் தோது. 3 கிராம் பறவை 6 கிராம் வரை போகும். பல சிட்டுகள் அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு மெக்ஸிகோ வளைகுடாவை ஒரே மூச்சில், 800 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் இறங்க இடமில்லாமல் கடக்கின்றன. வாத்துகளின் முதுகில் ஏறிப் போகின்றன என்று இங்கே ஒரு பழைய கதை உண்டு. கதை கட்டியவரைக் குறை சொல்ல முடியாது, நிஜத்தை நம்புவதைவிட அதை நம்புவது சுலபம்.

"ஃபீடரை எடுக்காவிட்டால் சாப்பாட்டு ஆசையில் போகாமல் இங்கேயே தங்கிச் செத்துவிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார், நிறையப் பேர் சொல்லுவார்கள். அப்படி இல்லை. பகல் பொழுது சுருங்குவதுதான் அதைக் கிளப்புகிறது, நம் டப்பா இல்லை. வடக்கிலிருந்து பிந்திக் கிளம்பி வருகிற ஒன்றுக்கு அக்டோபரில் பூ கிடைக்காது, ஃபீடர் கிடைக்கும். கடைசிச் சிட்டைப் பார்த்து இரண்டு வாரம் வரை வைத்திருங்கள்.

நான் குளிர்காலத்திலும் எடுப்பதில்லை. மேற்கே இருக்கவேண்டிய ரூஃபஸ் என்ற செம்பழுப்பு வகை, ஆண்டுதோறும் சில இந்தத் தென்கிழக்கு மாநிலங்களுக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன, வட கரோலினா ஃபீடர்களிலும் பார்த்திருக்கிறார்கள். அது வந்தால் பார்க்க வேண்டும் என்று டிசம்பரில்கூட அரை கப் கலந்து மாட்டுகிறேன். பனி உறைகிற இரவுகளில் உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்கு முன்னால் எழுந்து மறுபடி மாட்டவேண்டியிருக்கிறது. இதுவரை வந்தது ஒரு அணில்தான்.